ஆனைக்கும் அடி சறுக்கும்: பிழைகளைப் படித்த பேராசிரியர் ஜேம்ஸ் ரீசன்

'ஆனைக்கும் அடி சறுக்கும்' என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். ஆனால் சறுக்கிய ஆனையைப் பார்த்து, "பார்த்து நடக்கக் கூடாதா?" என்று கேட்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். தரை ஏன் வழுக்கியது, அங்கே தண்ணீரைக் கொட்டியது யார், இந்த வழியாகத்தான் போக வேண்டும் என்று ஆனையை விரட்டியது யார் என்றெல்லாம் கேட்பவர்கள் மிகக் குறைவு. இந்தக் கேள்விகளைக் கேட்பதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்ட ஓர் உளவியல் பேராசிரியரைப் பற்றி நம் சங்க இதழில் எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அவர் பெயர் ஜேம்ஸ் ரீசன். இங்கிலாந்து நாட்டவர். 1938ல் பிறந்தவர், 2025 பிப்ரவரியில் காலமானார்.

நான் உளவியல் படித்தவனல்லன். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து, ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் தொழிலில் விபத்து விசாரணை அறிக்கைகளைப் படித்தே ஆக வேண்டும். பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் ஓட்டைகள் உள்ள நான்கு பலகைகளை வரைந்து, அவற்றின் ஊடே ஓர் அம்பு பாய்வதைக் காட்டினார். அது ரீசனுடைய படம் என்று சொன்னார். பிறகு அவருடைய நூல்களைத் தேடிப் படித்தேன். அதுவரை நான் படித்திருந்த அறிக்கைகளுக்கெல்லாம் யாரோ தெளிவான உரை எழுதிக் கொடுத்ததுபோல் இருந்தது. அதன் சாரத்தை, இயந்திரம் அறியாதவர்களுக்கும் விளங்கும்படி இங்கே சொல்ல முயல்கிறேன்.

குமட்டலில் தொடங்கிய ஆராய்ச்சி

ரீசன் முதலில் மருத்துவம் படிக்கத்தான் சேர்ந்தார். இடையில் அதை விட்டு உளவியலுக்கு மாறினார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1967ல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் முதலில் ஆராய்ந்தது பிழையை அன்று, பயணக் குமட்டலை!

பஸ்ஸில் மலைப்பாதையில் போகும்போது புத்தகம் படித்தால் சிலருக்கு வயிற்றைப் புரட்டுகிறது. ஏன்? புத்தகத்தைப் பார்க்கும் கண் 'நாம் அசையாமல் இருக்கிறோம்' என்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ 'நாம் அசைகிறோம், வளைகிறோம்' என்கிறது. இந்த இரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பழக்கத்தால் மூளை எதிர்பார்த்திருப்பதோடும் பொருந்தவில்லை. இந்தப் பொருத்தமின்மைதான் குமட்டலுக்குக் காரணம் என்பது ரீசன் வளர்த்தெடுத்த கொள்கை. 1975ல் பிராண்ட் என்பவரோடு சேர்ந்து இதைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

இதில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டுகிறேன்: 'பழக்கம்'. பழக்கத்தின்படி மூளை எதிர்பார்ப்பது ஒன்று, உண்மையில் நடப்பது வேறு. பின்னாளில் அவர் பிழைகளைப் பற்றிச் சொன்னதற்கெல்லாம் வித்து இங்கேயே இருக்கிறது.

தேநீர்ப் பாத்திரத்தில் பூனை உணவு

1970களின் தொடக்கத்தில் ஒரு நாள் ரீசன் வீட்டில் தேநீர் தயாரித்துக்கொண்டிருந்தார். பசியெடுத்த பூனை காலடியில் நின்று கத்தியது. பூனை உணவு டப்பாவைத் திறந்தார். ஒரு கரண்டி எடுத்தார். பூனையின் தட்டில் போட வேண்டியதைத் தேநீர்ப் பாத்திரத்தில் போட்டுவிட்டார்!

நம்மில் யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டு பாத்திரத்தைக் கழுவப் போயிருப்போம். அவர் நின்று யோசித்தார். கை தாறுமாறாக எதையும் செய்துவிடவில்லை. டப்பாவைத் திறந்து கரண்டியால் எடுத்து ஒரு பாத்திரத்தில் இடுவது என்பது இரண்டு வேலைகளுக்கும் பொதுவான செயல். இரண்டும் அன்றாடம் பழகியவை. பழகிய இரண்டு தடங்கள் ஓரிடத்தில் சேர்ந்தபோது, வண்டி ஒரு தடத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறிவிட்டது. ரயில்காரனாகிய எனக்கு இது உடனே விளங்கியது. அந்த 'பாயிண்ட்' இருக்கும் இடத்தில் கவனம் இல்லையென்றால், வண்டி அதிகமாக ஓடிப் பழகிய தடத்திலேயே போகும்.

பிறகு அவர் 35 பேரிடம் நாட்குறிப்புகளைக் கொடுத்து, இரண்டு வாரங்களுக்குத் தங்கள் சறுக்கல்களையெல்லாம் எழுதச் சொன்னார். 400க்கும் மேற்பட்ட சறுக்கல்கள் பதிவாயின. இந்த ஆய்வுகளை மைசீல்ஸ்கா என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 1982ல் நூலாக வெளியிட்டார்.

அவற்றிலிருந்து தெரிந்த முக்கியமான உண்மை இது: இத்தகைய சறுக்கல்கள் புதிய வேலையில் தடுமாறும் போது வருபவையல்ல. நன்றாகப் பழகிய வேலையில், பழகிய இடத்தில், மனம் வேறொன்றில் இருக்கும்போதுதான் வருகின்றன. அதாவது சறுக்கல் என்பது திறமைக்கு நாம் கொடுக்கும் விலை. முப்பது வருடம் காபி போட்ட கைதான் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போடும். முதல் நாள் காபி போடுகிற பிள்ளை டப்பாவின் பெயரைப் படித்துப் பார்த்துத்தான் போடுவான்.

நான்கு வகைகள்

1977 முதல் 2001 வரை ரீசன் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தார். அங்கிருந்துதான் 1990ல் 'ஹியூமன் எரர்' என்ற அவருடைய புகழ்பெற்ற நூல் வந்தது. நாம் 'தப்பு' என்ற ஒரே சொல்லில் அடைப்பதை அவர் நான்காகப் பிரிக்கிறார்.

முதலாவது, சறுக்கல். எண்ணம் சரி, கை தவறியது. பூனை உணவு இதற்கு உதாரணம்.

இரண்டாவது, மறதி. எண்ணம் சரி, இடையில் ஒரு படி விட்டுப்போயிற்று. பால் அடுப்பில் இருக்கும்போது டெலிபோன் மணி அடித்தது. பால் பொங்கி வழிந்தது.

மூன்றாவது, தவறான தீர்மானம். கை சரியாகவே செய்தது, எண்ணமே பிழை. மலேரியாக் காய்ச்சலைச் சாதாரண ஜுரம் என்று எண்ணி மாத்திரை கொடுப்பது போல.

நான்காவது, விதிமீறல். விதி தெரிந்தே அதை மீறுவது. மூடிய லெவல் கிராசிங் கேட்டின் கீழே குனிந்து சைக்கிளைத் தள்ளுகிறவர் மறந்து போய் அப்படிச் செய்யவில்லை!

இப்படிப் பிரிப்பதால் என்ன லாபம்? மருந்து வேறுபடுகிறது. சறுக்கலுக்கும் மறதிக்கும் 'கவனமாக இரு' என்ற புத்திமதி பயன்படாது. அவர் வேண்டுமென்று செய்யவில்லையே! அங்கே வேண்டியது நினைவூட்டும் சாதனம் அல்லது தவறாகச் செய்யவே முடியாத அமைப்பு. தவறான தீர்மானத்துக்குப் பயிற்சியும் சரியான தகவலும் வேண்டும். விதிமீறலுக்கு, அந்த விதி ஏன் மீறப்படுகிறது என்ற ஆராய்ச்சி வேண்டும். சில சமயம் தண்டனையும் வேண்டும். நான்குக்கும் ஒரே கஷாயம் கொடுத்தால் எந்த நோயும் தீராது.

எட்டு நட்டுகளின் கணக்கு

பராமரிப்பு வேலையில் இருந்தவர்களுக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஒன்று ரீசனிடம் உண்டு. ஒரு நீண்ட போல்ட்டில் எட்டு நட்டுகள், ஒவ்வொன்றிலும் ஓர் அடையாள எழுத்து, குறிப்பிட்ட வரிசையில் மாட்டியிருக்கின்றன. கழற்றுவதற்கு ஒரே வழிதான். அந்த வழியைப் போல்ட்டே காட்டிவிடும். திரும்ப மாட்டுவதற்கு எத்தனை வழிகள்? எட்டை ஏழால் பெருக்கி, ஆறால் பெருக்கி, இப்படியே ஒன்று வரை பெருக்கிப் பாருங்கள்: 40,320. அதில் ஒன்றுதான் சரி. மற்ற 40,319ம் பிழை. ஏதாவது ஒரு நட்டை மாட்டாமலே விட்டுவிடும் வழிகளை இதில் சேர்க்கவேயில்லை!

ஆகவே பராமரிப்பில் ஆபத்தான நேரம் பிரிக்கும் நேரமன்று, திரும்பச் சேர்க்கும் நேரம். அதிலும் அதிகமாக நேர்வது ஒரு படி விட்டுப்போவதுதான். ஆலன் ஹாப்ஸ் என்பவரோடு சேர்ந்து 2003ல் ரீசன் பராமரிப்புப் பிழைகளைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். சிக்னலில் கை வைக்குமுன் நாங்கள் ஸ்டேஷன் மாஸ்டருக்கு 'டிஸ்கனெக்‌ஷன் மெமோ' கொடுத்துக் கையெழுத்து வாங்குவதும், வேலை முடிந்தபின் சோதித்துப் பார்த்து 'ரீகனெக்‌ஷன்' எழுதுவதும் வெறும் காகித வேலை என்று இளம் ஊழியர்கள் முணுமுணுப்பார்கள். 40,319 பிழையான வழிகளுக்கு எதிராக நிற்கும் வேலி அது என்று இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவேன். முணுமுணுப்பு கொஞ்சம் குறையும்.

அடுக்கிய ரவா தோசைகள்

இனி, கரும்பலகையில் நான் பார்த்த அந்தப் படத்துக்கு வருவோம். மேல்நாட்டார் அதை 'சுவிஸ் சீஸ்' படம் என்பார்கள். அந்த ஊர்ப் பாலாடைக்கட்டியில் ஓட்டைகள் இருக்கும். நமக்கு ரவா தோசை போதும். நான்கு ரவா தோசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். ஒவ்வொன்றிலும் ஓட்டைகள் உண்டு. ஆனால் ஒன்றின் ஓட்டையை அடுத்தது மறைத்துக்கொள்கிறது. நான்கின் ஓட்டைகளும் நேருக்கு நேர் வந்தால்தான் மேலிருந்து விட்ட ஊசி கீழே விழும். தோசைகள் பாதுகாப்பு அடுக்குகள், ஊசி விபத்து.

ஆபத்து மிகுந்த தொழில்கள் எல்லாவற்றிலும் இத்தகைய அடுக்குகள் உண்டு. நாம் வாழும் வடக்கில் பனிமூட்டம் வந்தால் ரயில்வே என்ன செய்கிறது? சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னால் தண்டவாளத்தில் வெடிக்கும் டெட்டனேட்டர்கள் வைக்கப்படும். இஞ்சின் ஏறியதும் வெடித்து, 'சிக்னல் வருகிறது' என்று எச்சரிக்கும். டிரைவரும் உதவியாளரும் சிக்னலின் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வார்கள். வேகம் குறைக்கப்படும். அடுத்த சிக்னல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காட்டும் ஜி.பி.எஸ். கருவியும் இப்போது இஞ்சினுக்குள் வந்துவிட்டது. ஒன்று தவறினாலும் இன்னொன்று காப்பாற்றும்.

தோசையில் ஓட்டைகள் எப்படி விழுகின்றன? ரீசன் இரண்டு காரணங்கள் சொல்கிறார். ஒன்று, கடைசியில் அந்த இடத்தில் இருந்தவர் செய்த பிழை. இது உடனே கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது, வெகு நாட்களுக்கு முன்பே, வெகு தூரத்தில், திட்டமிடுபவர்களும் நிர்வாகிகளும் எடுத்த முடிவுகளால் அமைப்புக்குள் குடிபுகுந்துவிட்ட குறைகள். ஆட்குறைப்பு, பழுதான கருவி, அவசர டைம்டேபிள், இல்லாத பயிற்சி. உடலுக்குள் உறங்கிக் கிடக்கும் நோய்க்கிருமிகளுக்கு இவற்றை ஒப்பிடுகிறார். உடல் தளரும் வரை கிருமி இருப்பதே தெரியாது.

1990 நூலில் அவர் ஆராய்ந்த விபத்துகளில் போபாலும் ஒன்று. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு என்ன நடந்தது என்று நமக்கெல்லாம் தெரியும். ஆனால் அந்த இரவில் விஷவாயுத் தொட்டியைக் குளிர்விக்க வேண்டிய சாதனம் முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவி நச்சு நீக்கும் சாதனமும் தயார் நிலையில் இல்லை. ஓட்டைகள் எல்லாம் ஏற்கெனவே நேராகிவிட்டன. ஊசி விழ ஓர் இரவுதான் பாக்கி இருந்தது.

2000ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' என்ற மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில் இதே கருத்தை அவர் ஆஸ்பத்திரிகளுக்குப் பொருத்தினார். கடைசி மனிதரின் பிழைகளைக் கொசுக்களுக்கு ஒப்பிட்டார். ஒவ்வொன்றாக அடிக்கலாம், வந்துகொண்டே இருக்கும். அவை முட்டையிடும் சாக்கடையை வற்றச் செய்வதே வழி. கொசுவைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை! 2020ல் கொரோனா பரவியபோது, முகக்கவசம், இடைவெளி, காற்றோட்டம், தடுப்பூசி ஆகியவற்றை இதே ஓட்டை அடுக்குகளாக வரைந்து ஆஸ்திரேலிய வைரஸ் நிபுணர் இயன் மக்கே பிரபலப்படுத்தினார். ரீசனின் பெயர் தெரியாதவர்களும் அவர் படத்தைப் பார்த்துவிட்டார்கள்.

இரண்டு ஒயரிங் வேலைகள்

என் தொழிலைச் சேர்ந்த இரண்டு விபத்துகளை இந்தப் பாடத்தின் வெளிச்சத்தில் பார்ப்போம்.

முதலாவது, லண்டனில் கிளாபம் சந்திப்பு அருகே, 1988 டிசம்பர் 12. சிவப்புக் காட்டியிருக்க வேண்டிய சிக்னல் காட்டவில்லை. ஒரு ரயில் இன்னொன்றின் பின்னால் மோதி 35 பேர் இறந்தனர். இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த மாற்று ஒயரிங்கில், பழைய ஒயர் ஒன்றை ஊழியர் வெட்டி நீக்காமலும், நுனிக்கு உறையிடாமலும் விட்டிருந்தார். விபத்துக்கு முதல் நாள் பக்கத்தில் நடந்த வேறு வேலையில் அந்த ஒயர் அசைந்து, பழைய இடத்தைத் தொட்டுவிட்டது. 'அவர் கவனக்குறைவு' என்று எழுதி முடித்திருக்கலாம். ஆனால் ஆண்டனி ஹிடன் நடத்திய விசாரணை அங்கே நிற்கவில்லை. அந்த ஊழியர் அதற்கு முந்திய 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் ஓய்வெடுத்திருந்தார். அவர் வேலை செய்யும் முறையை ஆண்டுக்கணக்கில் யாரும் திருத்தவில்லை. வேலை முடிந்தபின் வேறொருவர் ஒயர்களை எண்ணிச் சரிபார்த்திருக்க வேண்டும், யாரும் எண்ணவில்லை. எத்தனை தோசைகள், எத்தனை ஓட்டைகள், பாருங்கள்.

இரண்டாவது, நம் நாட்டில் ஒடிஷாவின் பஹநாகா பஜார், 2023 ஜூன் 2. ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வரும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ், வங்காளத்தில் வாழும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு ஊருக்குப் போகும் வண்டி. சிக்னல் மெயின் லைனுக்குப் பச்சை காட்டியது. பாயிண்ட்டோ லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. வண்டி முழு வேகத்தில் லூப் லைனுக்குள் புகுந்து, அங்கே நின்ற சரக்கு ரயிலில் மோதியது. புரண்ட பெட்டிகள்மீது பெங்களூரிலிருந்து ஹவுரா செல்லும் வண்டியும் உரசியது. 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணையில் வெளிப்பட்டது என்ன? முன்னொரு காலத்தில் சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்றத்தில் குறை இருந்தது. லெவல் கிராசிங் கேட்டின் தடுப்பை மாற்றும் வேலையின்போதும் குறை நேர்ந்தது. இதையெல்லாம்விட என்னைத் தூங்கவிடாத செய்தி வேறு. அதே மண்டலத்தில் பாங்க்ராநயாபாஜ் என்ற நிலையத்தில் 2022 மே 16ஆம் தேதியே, ஒயரிங் தவறால் இதே போன்ற கோளாறு நேர்ந்திருந்தது. அப்போது உயிர்ச்சேதம் இல்லை. அன்றே அந்தத் தவறுகளைச் சீர்செய்திருந்தால் பஹநாகா நேர்ந்திராது என்று அறிக்கை கூறியது.

2023 ஜூலையில் மூன்று ஊழியர்கள் கைது செய்யப்பட்டனர். அவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீதிமன்றம்; நானல்லன். நான் கேட்பது வேறு. 35 ஆண்டு இடைவெளியில், இரண்டு கண்டங்களில், ஒயரிங் மாற்றத்தில் ஒரே விதமான ஓட்டை ஏன் விழுகிறது? ஆட்கள் வேறு, மொழி வேறு, சம்பளம் வேறு. மாறாமலிருப்பது வேலையின் அமைப்பு. அமைப்பில் இருக்கும் ஓட்டையை ஆளை மாற்றி அடைக்க முடியாது.

எழுதப்படாத குறிப்பு

விபத்துக்கு முன் எச்சரிக்கை வருவதுண்டு. அது ஏன் மேலே போய்ச் சேருவதில்லை?

நான் வேலையில் இருந்த ஓரிடத்தில், ஓர் இளம் டெக்னீஷியன் ரிலே அறையில் எவரோ சோதனைக்காக மாட்டிவிட்டு எடுக்க மறந்த ஒரு சிறு ஒயரைக் கண்டுபிடித்தான். எடுத்து எறிந்துவிட்டான். பதிவேட்டில் எழுதவில்லை. மாதங்கள் கழித்து, வேறு ஊருக்கு மாற்றலானபின் என்னிடம் சொன்னான். "ஏன்பா எழுதலை?" என்று கேட்டேன். "எழுதினா கேள்வி என்னைத்தானே சார் கேட்பாங்க? நானே மாட்டினேன்னு சொல்லிட்டா?" என்றான். அவன் பயத்தில் நியாயம் இருந்தது. அந்த ஒயர் போயிற்று; ஆனால் அது எப்படி அங்கே வந்தது, இன்னும் எத்தனை அறைகளில் இருக்கிறது என்ற கேள்விகளும் அதோடு குப்பைக்குப் போய்விட்டன.

ரீசன் 1997ல் நிறுவன விபத்துகளைப் பற்றி எழுதிய நூலில் இதைத்தான் மையமாக வைக்கிறார். பாதுகாப்பான நிறுவனத்தில், நடந்ததை உள்ளபடி சொல்லும் பழக்கம் வேண்டும். அது வர வேண்டுமென்றால் நியாயம் இருக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். சொன்னவனுக்கே அடி விழும் இடத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அமெரிக்காவில் 1976 முதல் விமானிகள் தங்கள் பிழைகளை நாசா நிறுவனம் நடத்தும் ஓர் அமைப்புக்கு எழுதி அனுப்பலாம். எழுதியவர் பெயர் நீக்கப்பட்டுவிடும். தண்டிக்கும் அதிகாரம் உள்ள துறையிடம் அதை ஒப்படைக்காமல், வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். அதில்தான் அதன் சூட்சுமம் இருக்கிறது.

அப்படியானால் யாருக்குமே பொறுப்பில்லையா?

என் நண்பர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். ரீசன் அப்படிச் சொல்லவில்லை. குடித்துவிட்டு இஞ்சின் ஓட்டுபவரையும், வேண்டுமென்றே ஆபத்தை விலைக்கு வாங்குபவரையும் தண்டிக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் ஒழுங்காக வேலை செய்பவருக்கு அது அநியாயம். கோடு எங்கே கிழிப்பது என்பதற்கு, நீல் ஜான்ஸ்டன் என்பவர் சொன்ன ஒரு சோதனையை அவர் எடுத்தாளுகிறார். அதே வேலையில், அதே தகுதியுள்ள வேறொருவரை, அதே நேரத்தில், அதே நிலைமையில் நிறுத்தியிருந்தால் அவரும் இதையே செய்திருப்பாரா? 'செய்திருக்கக்கூடும்' என்றால், அகப்பட்டவரைத் தண்டிப்பதால் பயனில்லை. நிலைமையை மாற்ற வேண்டும்.

பிற்காலத்தில் அவர் இன்னொரு பக்கத்தையும் எழுதினார். எல்லாம் அமைப்பின் குற்றம் என்று சொல்லிக்கொண்டு தனிமனிதனை மறந்துவிடக் கூடாது என்றார். 2008ல் வந்த 'தி ஹியூமன் காண்ட்ரிப்யூஷன்' நூலில், கைமீறிப் போன நிலைமையை மனிதர்கள் மீட்டெடுத்த கதைகள் வருகின்றன. 1983ல் கனடாவில் ஒரு பெரிய விமானம், கிலோவையும் பவுண்டையும் குழப்பி எரிபொருள் நிரப்பியதால், நடுவானில் எரிபொருள் தீர்ந்து இரண்டு இஞ்சின்களும் நின்றன. விமானி அதைக் காற்றிலேயே மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட ஓடுதளத்தில் இறக்கினார். இருந்த 69 பேரும் பிழைத்தனர். பிழை செய்வதும் மனிதன்தான். ஓட்டைகள் எல்லாம் நேரான பின்பும் கை நீட்டி ஊசியைப் பிடிப்பவனும் மனிதன்தான்.

வீட்டுக்குச் சில பாடங்கள்

ரயிலும் விமானமும் கிடக்கட்டும். நம் வீடுகளுக்கு இதில் என்ன இருக்கிறது?

1. ஊரிலிருந்து நம்மோடு வந்து தங்கியிருக்கும் பெரியவர்களுக்கு நாலைந்து மாத்திரைகள். இரண்டு அட்டைகள் ஒரே நிறம், ஒரே அளவு. "பார்த்துச் சாப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போவதைவிட, கிழமையும் வேளையும் எழுதிய அறைகளுள்ள டப்பாவில் வாரம் ஒரு முறை அடுக்கி வைப்பது மேல். நிரப்புபவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவராக இருக்கட்டும்.

2. காஸ் அடுப்பை மூடினோமா என்ற கவலை தெருமுனையில்தான் வரும். அது மறதி வகை. வீட்டுச் சாவி தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் 'காஸ், கீஸர், குழாய்' என்று மூன்றே சொற்கள் எழுதி ஒட்டுங்கள். நினைவூட்டல், செயல் நடக்கும் இடத்தில், நடக்கும் நேரத்தில் கண்ணில் பட வேண்டும்.

3. பையன் கணக்குத் தேர்வில் 'கவனக்குறைவால்' பத்து மார்க் இழந்தான் என்றால், கவனக்குறைவு என்ற சொல்லோடு நிற்காதீர்கள். விடைத்தாளை உடன் வைத்துக்கொண்டு வகை பிரியுங்கள். கழித்தல் குறியை விட்டானா? அது மறதி. 6ஐ 0 என்று பார்த்து எழுதினானா? சறுக்கல். சூத்திரமே தவறா? தவறான தீர்மானம், அதற்குத் திரும்பப் பாடம் நடத்த வேண்டும். ஒரு மாதம் குறித்து வந்தால், அவனுடைய ஓட்டைகள் எங்கே இருக்கின்றன என்று அவனுக்கே தெரிந்துவிடும்.

4. எல்லாவற்றிலும் முக்கியமானது: மார்க் குறைந்த விடைத்தாளைப் பிள்ளை நம்மிடம் தயங்காமல் காட்டுகிறதா? ஒளிக்கத் தொடங்கிவிட்டால், நாம் பிழையைத் திருத்தவில்லை, பிழையைப் பற்றிய செய்தியைத்தான் நிறுத்திவிட்டோம் என்று பொருள். இன்று விடைத்தாளை ஒளிக்கும் பிள்ளை, நாளை ரிலே அறையில் கண்ட ஒயரையும் பதிவேட்டில் எழுத மாட்டான்.

நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் நாளை இஞ்சினீயர்களாகவும் டாக்டர்களாகவும் நர்ஸுகளாகவும் போகிறவர்கள். அவர்கள் கையில் பிறர் உயிர் இருக்கும். பிழையே செய்யாதே என்று சொல்லி அனுப்பினால் அவர்களால் காப்பாற்ற முடியாத வாக்கை வாங்கிக்கொள்கிறோம். பிழை நேர்ந்தால் மறைக்காதே, பிறர் பிழையைக் கண்டால் 'ஏன் நேர்ந்தது' என்று முதலில் கேள், 'யார் செய்தது' என்று பிறகு கேள் என்று சொல்லி அனுப்புவோம். பேராசிரியர் ரீசன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதியதன் சாரம், நான் அறிந்தவரை, இவ்வளவுதான்.